விளம்பரம், மக்கள் தொடர்பு: தமிழ்நாட்டில் வேலை எங்கே குடிபோயிருக்கிறது?

ஆனி மாதத்தில் ஒருநாள் மதுரையிலிருந்து ஒரு தம்பி பேசினார். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்தவர். சென்னையில் உள்ள பெரிய விளம்பர ஏஜென்சிகள் என்று எங்கிருந்தோ ஒரு பட்டியல் எடுத்து, வரிசையாக மெயில் அனுப்பியிருக்கிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை. பட்டியலை வாசிக்கச் சொன்னேன். அதில் மூன்று பெயர்கள் இப்போது எந்தக் கட்டடத்தின் வாசலிலும் கிடையாது.

"அப்ப இந்தத் தொழில்ல வேலையே இல்லையாண்ணே?" என்றார்.

"வேலை இருக்கு தம்பி. வீடு மாறிடுச்சு. நீங்க பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றேன்.

அன்றைக்கு அவரிடம் போனில் சொன்னதை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தமிழ் காப்பிரைட்டராக, அதாவது விளம்பர வரி எழுதுபவனாக ஆரம்பித்தவன். ("காப்பி எழுதறேன்" என்று நான் சொன்னதைக் கேட்டு, பையன் காபிப் பொடி கம்பெனியில் இருப்பதாகவே அம்மா பல காலம் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.) இப்போது நானே ஆள் எடுக்கிற இடத்தில் இருப்பதால், மேசையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

முதலில் பழைய விலாசத்தை அழியுங்கள்

1864இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜே. வால்டர் தாம்சன் இந்தத் தொழிலின் மூத்த பெயர்களில் ஒன்று. 2018இல் அதை இன்னொரு நிறுவனத்தோடு இணைத்து வண்டர்மேன் தாம்சன் என்றார்கள். 2023இல் அதையும் மற்றொன்றோடு சேர்த்து வி.எம்.எல். என்றார்கள். தாம்சன் என்ற சொல்லே போய்விட்டது. 2025 நவம்பரில் ஆம்னிகாம் என்ற விளம்பரக் குழுமம், தன் போட்டியாளரான இன்டர்பப்ளிக்கை வாங்கி முடித்தது. அடுத்த சில நாட்களிலேயே டி.டி.பி., எஃப்.சி.பி., முல்லன்லோ ஆகிய ஏஜென்சிப் பெயர்களை மூட்டை கட்டுவதாக அறிவித்தது. இப்படி ஒவ்வொரு முறையும் இரண்டு கணக்குப் பிரிவு ஒன்றாகிறது, இரண்டு மீடியா குழு ஒன்றாகிறது. பெரிய முடிவுகள் மும்பையிலும் குருகிராமிலும் எடுக்கப்பட, சென்னைக் கிளையில் நாற்காலிகள் குறைகின்றன.

நம்மூர் நிறுவனம் ஒன்றையும் பாருங்கள். ஆர்.கே. சுவாமி 1973இல் சென்னையில் தொடங்கிய ஏஜென்சி 2024 மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்தது. விளம்பரத்தோடு வாடிக்கையாளர் தரவுப் பகுப்பாய்வையும் சந்தை ஆய்வையும் சேர்த்தே அந்த நிறுவனம் தன் தொழிலாகச் சொல்கிறது. விளம்பர ஏஜென்சி என்ற சொல்லுக்குள் இன்றைக்கு என்னென்ன வேலை அடங்குகிறது என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம். இந்திய ஊடக, பொழுதுபோக்குத் துறையின் வருவாயில் 2024இல் முதன்முறையாக டிஜிட்டல், தொலைக்காட்சியை முந்தியது. பணம் எந்தப் பக்கம் போகிறதோ நாற்காலியும் அந்தப் பக்கம்தான் போகும்.

வேலை குடிபோன இடங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதை வைத்துத்தான்.

தமிழ்நாட்டு விளம்பரத்தின் முதுகெலும்பு பன்னாட்டு சோப்பும் காரும் அல்ல. ஜவுளிக்கடை, நகைக்கடை, மசாலா, நல்லெண்ணெய், மனை விற்பனை, மருத்துவமனை, பொறியியல் கல்லூரி, பயிற்சி மையம் ஆகியவைதான். தி.நகரிலும், ஈரோட்டிலும், விருதுநகரிலும், கோவையிலும் உட்கார்ந்திருக்கும் முதலாளிகள்தான் இங்கே கிளையன்ட். முன்பெல்லாம் இவர்கள் ஏஜென்சிக்குப் போன் செய்வார்கள். இப்போது கடையின் மேல்மாடியிலேயே நாலு பேர் கொண்ட அணியை வைத்திருக்கிறார்கள். ஒருவர் கேமரா, ஒருவர் எடிட்டிங், ஒருவர் டிசைன், ஒருவர் எழுத்து. புதுச் சேலை வந்து இறங்கிய இரண்டு மணி நேரத்தில் ரீல் போக வேண்டும். இதற்கு ஏஜென்சியின் மூன்று நாள் அவகாசம் ஒத்துவராது. புதியவர்களுக்கு இன்று அதிகம் திறந்திருக்கும் கதவு இதுதான். கௌரவக் குறைச்சல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். ஒரு வரி எழுதி, அது ஓடி, சாயங்காலம் கல்லாவில் என்ன ஆனது என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எந்தப் பெரிய ஏஜென்சியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாவது இடம் மென்பொருள் நிறுவனங்கள். ஜோஹோ, 2010இல் சென்னையில் தொடங்கி 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் இடம்பிடித்த ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ ஆகியவையும், இவற்றைப் பார்த்து வளர்ந்த சின்ன நிறுவனங்களும் தங்கள் பொருளை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கின்றன. கன்டென்ட் ரைட்டர், ப்ராடக்ட் மார்க்கெட்டர் என்ற பெயர்களில் ஆள் எடுக்கிறார்கள். ஆங்கிலம் சுத்தமாக வர வேண்டும், பொருளைப் புரிந்துகொள்ளும் பொறுமை வேண்டும். ஏஜென்சியை விடச் சம்பளம் கூடுதல். என்னோடு வேலை பார்த்தவர்களில் வீட்டுக்கடன் வாங்கியவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் போனவர்கள்தான்.

மூன்றாவது அரசியல். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்கு ஐ-பேக் என்ற தேர்தல் வியூக நிறுவனம் வேலை பார்த்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு தேர்தல் பிரச்சாரம் இங்கே தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. கள ஆய்வு, பேச்சுக்குறிப்பு, வாட்ஸ்அப் கார்டு, சிறு வீடியோ எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. வேகமாகக் கற்கலாம், காசும் வரும். வாக்கு எண்ணிக்கை முடிந்த வாரமே வேலையும் முடியும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

சினிமா மக்கள் தொடர்பு நம்மூருக்கே உரிய தனிப் பள்ளி. 1958இல் 'நாடோடி மன்னன்' படத்துக்காக ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் செய்த வேலையிலிருந்துதான் தமிழ் சினிமாவில் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பாளர்) என்ற பதவியே பிறந்தது. இன்றும் டைட்டில் கார்டில் மக்கள் தொடர்பு என்று ஒரு பெயர் வருகிறது. அதன் பின்னால் இப்போது யூடியூப் சேனல் பேட்டிகளை ஒருங்கிணைப்பவர், மீம் பக்கங்களோடு பேசுபவர், டிரெய்லர் வெளியீட்டை நிமிஷக் கணக்கில் திட்டமிடுபவர் என ஒரு சிறு படையே இருக்கிறது. இதற்குள் நுழைய 'ஆள் தேவை' விளம்பரம் வராது. தெரிந்தவர் வழியாகத்தான்.

அரசுப் பக்கம் செய்தி மக்கள் தொடர்புத் துறை இருக்கிறது. மாவட்டந்தோறும் மக்கள் தொடர்பு அலுவலர், அவருக்குக் கீழே உதவி அலுவலர்கள், 'தமிழரசு' இதழ், அரசின் விளம்பர வெளியீடு எல்லாம் அதன் பொறுப்பு. இடங்கள் குறைவு. அறிவிப்பு வரும்போது கல்வித் தகுதியை வரி வரியாகப் படியுங்கள். அதையே நம்பி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனை, பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம் ஆகியவற்றிலும் மக்கள் தொடர்புப் பணி உண்டு. நிதானமான வேலை, நிதானமான சம்பளம்.

எந்த நாற்காலி உங்களுக்கு?

எழுத்து, டிசைன், கிளையன்ட் சர்வீசிங், மீடியா, மக்கள் தொடர்பு என்று பழைய பிரிவுகள் ஐந்து. இவற்றில் மீடியா என்பது பெரும்பாலும் கூகுள், மெட்டா விளம்பரங்களை நாள்தோறும் கவனித்துப் பணத்தை ஏற்றி இறக்கும் வேலையாக மாறிவிட்டது. 'பெர்ஃபார்மன்ஸ் மார்க்கெட்டிங்' என்பார்கள். கணக்கு பிடிக்கும், எக்செல் பயமில்லை என்றால் இதில் போங்கள். பி.காம். படித்தவர்கள் இங்கே விஸ்காம்காரர்களை விட நன்றாக வருகிறார்கள் என்பது என் அனுபவம். கூகுளும் மெட்டாவும் இணையத்தில் நடத்தும் அடிப்படைப் பாடங்கள் இலவசம். அவற்றை முடித்துவிட்டு, உங்கள் தெருவில் உள்ள பேக்கரிக்கு 2,000 ரூபாயில் ஒரு விளம்பரம் ஓட்டிப் பாருங்கள். நேர்காணலில் பேச விஷயம் கிடைத்துவிடும்.

படிப்பைப் பொறுத்தவரை, லயோலாவின் விஸ்காம், ஸ்டெல்லா மாரிஸின் மக்கள் தொடர்பு முதுகலை, சென்னைப் பல்கலைக்கழக இதழியல் துறை, தரமணியில் ஏ.சி.ஜே. (ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம்) என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. எழுதுகிற, வரைகிற வேலைக்குப் பட்டத்தை யாரும் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். போர்ட்ஃபோலியோவைத்தான், அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பைத்தான் பார்ப்போம்.

போர்ட்ஃபோலியோ: ஆறு போதும்

அறுபது போஸ்டர் வைத்து அனுப்புகிறவர்களை நான் பாதியில் மூடிவிடுகிறேன். ஆறு மட்டும் வையுங்கள். உள்ளூர்க் கடைக்கு ஒரு அரைப்பக்கப் பத்திரிகை விளம்பரம், 20 விநாடி ரேடியோ ஸ்பாட், ஒரு ரீல், ஒரு பத்திரிகைச் செய்தி, மனை விற்பனை அல்லது மருத்துவமனைக்கு ஒன்று. ஆறாவது, நீங்கள் மாற்றி எழுதிய ஏதாவது ஒரு மோசமான விளம்பரம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நான் முதலில் பார்ப்பது அந்த ஆறாவதைத்தான்.

ரேடியோ ஸ்பாட்டை எழுதிவிட்டுக் கையில் கடிகாரத்தோடு வாய்விட்டு வாசியுங்கள். கடையின் பெயர், ஊர், முடிவு வரி போக உங்கள் கையில் மிஞ்சுவது இருபத்தைந்து, முப்பது சொல்தான். பேப்பரில் அழகாக இருக்கும் எழுத்து வாயில் வழுக்குவது அப்போதுதான் தெரியும்.

இனி, தமிழ். மும்பையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதைத் தமிழில் போட்டுத் தருவார்கள்: "ஒவ்வொரு தருணத்தையும் கொண்டாடுங்கள்." இந்த வரியைச் சேலைக்கும் பார்த்திருப்பீர்கள், பெயின்ட்டுக்கும் பார்த்திருப்பீர்கள். தருணத்தைக் கொண்டாடு என்று எந்த அம்மாவும் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. அதே தீபாவளிச் சேலை விளம்பரத்துக்கு என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் இப்படி எழுதினார்: "அம்மா இந்தத் தடவையும் 'எனக்கு எதுக்கு'ன்னுதான் சொல்வாங்க. கேக்காதீங்க." அன்று மாலையே அவருக்கு வேலை உறுதியானது. அவர் படித்தது இயற்பியல்.

மொழிபெயர்ப்பை இப்போது இயந்திரம் செய்துவிடுகிறது. ஒரே விளம்பரத்தைப் பத்து அளவில் வெட்டி ஒட்டுவது, தலைப்புக்கு இருபது மாதிரி எழுதிப் பார்ப்பது என்று புதியவர்கள் கை பழகிய கடைக்குட்டி வேலைகளையும் அதுவே பாதி செய்கிறது. அந்த வேலைகளுக்கு ஆள் எடுப்பது குறைந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. அதனால் உங்கள் போர்ட்ஃபோலியோவில் இயந்திரம் எழுத முடியாத தமிழ் இருக்க வேண்டும். கோவைக்காரர் காதில் விழும் 'ங்க' வேறு, நெல்லைக்காரர் வாயில் வரும் 'வே' வேறு. எங்கே பேச்சுத் தமிழ், எங்கே எழுத்துத் தமிழ் என்ற தேர்வும் உங்களுடையதாக இருக்க வேண்டும். மனை விற்பனையில் அளவுக்கு மீறிப் பேச்சு வழக்கில் எழுதினால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள். வாழ்நாள் சேமிப்பைக் கேட்கிறவன் கொஞ்சம் சட்டை பட்டன் போட்டுக்கொண்டு பேச வேண்டும். ஒற்றுப் பிழை இருந்தால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். முழுப்பக்க விளம்பரத்தில் ஒரு 'க்' விடுபட்டதற்காக முதலாளி காலை ஆறு மணிக்குப் போன் செய்த அனுபவம் எனக்கு உண்டு.

மக்கள் தொடர்புக்குப் போகிறவர்களுக்குத் தனியாக

பத்திரிகைச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதி அதையே தமிழாக்காதீர்கள். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். ஆங்கிலப் பத்திரிகைக்கு நிறுவனத்தின் முதலீடு செய்தி. தமிழ்ப் பத்திரிகைக்கு எந்த ஊரில், எத்தனை பேருக்கு வேலை என்பதுதான் செய்தி. தமிழ் நாளிதழ்களுக்கு ஊருக்கு ஊர் பதிப்பு உண்டு. திருச்சியில் நடந்ததற்குத் திருச்சி நிருபரிடம் பேசுங்கள். சென்னை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது கிணற்றில் கல் போட்ட கதை. மாலையில் பக்கம் முடிக்கிற நேரத்தில் நிருபரைக் கூப்பிட்டு "செய்தி வருமா சார்" என்று கேட்காதீர்கள். அடுத்த முறை போனை எடுக்க மாட்டார்.

பத்திரிகையில் செய்தி எத்தனை சென்டிமீட்டர் வந்தது, அதே இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பெருக்கிக் காட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று 2010லேயே பார்சிலோனா கோட்பாடுகள் (மக்கள் தொடர்பை அளப்பதற்கான சர்வதேச நெறிகள்) சொல்லிவிட்டன. நேர்காணலில் இதைச் சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார்கள். வேலையில் சேர்ந்த பிறகு முதலாளி அந்தப் பெருக்கலைத்தான் கேட்பார், போட்டுக் கொடுங்கள். கூடவே செய்தியைப் பார்த்து விசாரித்து வாடிக்கையாளர் அழைப்புகள் எத்தனை வந்தன என்ற கணக்கையும் வையுங்கள்.

பிரஸ் மீட்டில் நிருபர்களுக்குப் பணக் கவர் கொடுக்கச் சொல்லி உங்கள் கையில் கொடுத்தால், முதல் நாளே மறுத்துவிடுங்கள். ஒரு தடவை கொடுத்தால் அது உங்கள் வேலை என்றே எழுதப்பட்டுவிடும்.

எப்போது, எப்படிக் கதவைத் தட்டுவது

இந்தத் தொழிலுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆடித் தள்ளுபடியிலிருந்து தீபாவளி வரை ஜவுளி, நகை, வீட்டு உபயோகப் பொருள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். மார்கழியில் மூச்சு விட்டு, தையில் கல்யாண சீசனோடு மறுபடி எழும். பிளஸ் டூ முடிவு வரும்போது கல்லூரி விளம்பரங்கள். அட்சய திருதியைக்கு நகை. எனவே ஜவுளி, நகைப் பக்கம் போக விரும்புகிறவர்கள் வைகாசி, ஆனியில் கேளுங்கள். ஆடி பிறந்துவிட்டால் உங்கள் மெயிலைத் திறந்து பார்க்கக்கூட யாருக்கும் நேரம் இருக்காது.

எச்.ஆர். முகவரிக்கு அனுப்புவதை விட, அந்த விளம்பரத்தை எழுதியவர் யாரென்று விசாரித்து அவருக்கே நாலு வரி எழுதுங்கள். "உங்கள் நிறுவனத்தில் சேர ஆர்வமாக உள்ளேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். "நீங்கள் போன மாதம் போட்ட பொங்கல் ரீலில் கடைசி வரி எனக்கு இப்படித் தோன்றியது" என்று ஆரம்பித்தவரை நான் கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன். அட்வர்டைசிங் கிளப் மெட்ராஸ் நடத்தும் கூட்டங்களுக்கும், மக்கள் தொடர்பு என்றால் பி.ஆர்.எஸ்.ஐ. (பப்ளிக் ரிலேஷன்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா) சென்னைக் கிளையின் நிகழ்ச்சிகளுக்கும் போய் உட்காருங்கள். டீ இடைவேளையில்தான் வேலை பேசப்படும்.

சோதனை வேலை, சம்பளம், தாள்

இதில் எனக்கு ஒரு பழைய வடு. ஆரம்ப காலத்தில் ஒரு ஏஜென்சியில் "டெஸ்ட்" என்று எட்டுத் தலைப்பு எழுதி வாங்கினார்கள். பிறகு சொல்கிறோம் என்றார்கள். ஒன்றரை மாதம் கழித்து 5பி பஸ்ஸின் முதுகில் என் மூன்றாவது தலைப்பு என்னைத் தாண்டிப் போனது. நான் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். சோதனை வேலை கேட்டால், நடப்பில் உள்ள கிளையன்டுக்குச் செய்யாதீர்கள். கற்பனைப் பொருளுக்குச் செய்து தருவதாகச் சொல்லுங்கள். பி.டி.எஃப்.பில் பெயரும் தேதியும் போட்டு, மெயிலில் மட்டும் அனுப்புங்கள்.

நான் பார்த்தவரையில் சென்னையில் சின்ன ஏஜென்சிகளின் தொடக்கச் சம்பளம் மாதம் 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள்தான். இன்டர்ன்ஷிப் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் சம்பளம் இல்லாமல் இருக்காதீர்கள். முதல் நாளிலிருந்தே ஏதாவது உதவித்தொகை கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்பா" என்கிற இடத்தில் சம்பளமும் அப்புறம்தான் வரும்.

தனியாக வேலை எடுத்துச் செய்வதானால் பாதி முன்பணம் வாங்காமல் கோப்பைத் திறக்காதீர்கள். தொழில்முறைக் கட்டணத்தில் பத்து சதவீதம் டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளுங்கள், இலவசம்தான். பதிந்தவருக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்ட பிறகு என் பில்கள் கொஞ்சம் வேகமாக நகர்ந்தன.

சட்டம் தெரிந்த ஆளுக்கு மவுசு

கிளையன்ட் கேட்பதையெல்லாம் எழுதக் கூடாது. "சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்" என்று எழுதினால், 1954ஆம் ஆண்டு மருந்து, மாயத் தீர்வுகள் சட்டம் பாயும். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை 10 லட்சம், மறுபடி செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். பயிற்சி மையங்களுக்கென்றே 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதல் வந்திருக்கிறது. முதலிடம் பிடித்த மாணவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் போட முடியாது. காசு வாங்கிக்கொண்டு போடும் பதிவில் அது விளம்பரம் என்று இன்ஃப்ளூயன்சர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது 2021இலிருந்து ஆஸ்கி (விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு) விதி. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளின் விளம்பரத்தை 2025 ஆகஸ்ட் சட்டம் தடை செய்தது. அதை நம்பி ஆள் எடுத்திருந்த இடங்களில் ஒரே மாதத்தில் நாற்காலிகள் காலியாயின. ஒரே கிளையன்டை நம்பியிருக்கும் நிறுவனத்தில் சேருமுன் இதை ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

சேர்ந்த பிறகு

முதல் ஆறு மாதம், கிளையன்ட் தன் தேவையைச் சொல்லும் பிரீஃப் கூட்டங்களில் குறைவாகப் பேசி, நிறையக் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை கடைக்குப் போய், சேல்ஸ்மேன் பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வாடிக்கையாளர் பேசும் வாக்கியங்களை அப்படியே நோட்டில் எழுதுங்கள். என் நல்ல தலைப்புகளில் பாதி அப்படித் திருடியவை.

ஒன்று மறந்துவிட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போக 60 நாளுக்கு முன்பே ரயில் முன்பதிவு திறந்துவிடும். அவசரப்பட்டு நாலு நாள் முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள். தீபாவளிக் காலைப் பேப்பரில் வரும் முழுப்பக்கத்தில் முந்தின நாள் மத்தியானம்வரை விலையை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அன்றிரவு வண்டிக்குப் போடுங்கள், அதுவும் ஒன்பது மணிக்கு மேல் கிளம்புவதாகப் பார்த்து.